அதற்குக் கேட்காது

முதுகெலும்பு, கை, கால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த ஸ்கேன் டாக்டரம்மா, தலைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஹுமைராவின் வயிற்றில் ஊர்ந்த கருவி ஓரிடத்தில் நின்று, விலகி, மறுபடி அங்கேயே வந்தது.

"இப்ப எத்தனை மாசம்?"

"ஆறு முடிஞ்சிடுச்சு டாக்டர். இதான் மொத ஸ்கேன்."

"மண்டை ஓடு மூடவே இல்லம்மா. மூளையும் வளரல. பொறந்தாலும் சில மணி நேரந்தான் இருக்கும். இருபது வாரம் தாண்டிட்டதால, சட்டப்படி இப்ப கலைக்கவும் முடியாது." அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது.

அவள் கணவன் அஸ்கர் அலி தரையைப் பார்த்தபடி நின்றான். ஹுமைரா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் பேசுனா அதுக்குக் கேக்குமா?"

"கேக்காதும்மா. வலியும் தெரியாது."

பொன்னேரியிலிருந்து ரயிலில் திரும்பும்போது ஹுமைரா ஸ்கேன் ரிப்போர்ட்டை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டுமாக அவர்களது வாடகை வீடு. இரும்பு ஆலைகளின் உறுமல் பகலெல்லாம் சுவர் வழியே வந்துகொண்டிருக்கும். ஜன்னல் கம்பியில் கைவைத்தால் கருந்தூள் ஒட்டும். வெயில் ஏற ஏறக் காய்ந்த இரும்பின் வாடை சோற்றுப் பானைவரை வந்துவிடும். அந்த ஆலைகளில் ஒன்றில்தான் அஸ்கருக்கு வேலை. ஸ்கேனுக்குப் பிறகு அவன் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டான். பழவேற்காட்டிலிருந்து மாமியார் போனில் ஒருமுறை அழுதார். பிறகு போனே வரவில்லை. யாராவது மாசக் கணக்குக் கேட்டுவிடுவார்களோ என்று ஹுமைரா குழாயடிக்குப் போவதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் அவள் கையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் நழுவி விழுந்தது. வயிற்றுக்குள் ஓர் உதை.

அவள் அப்படியே நின்றாள். பிறகு வேண்டுமென்றே இன்னொரு டம்ளரைப் போட்டாள். மறுபடி உதை.

"கேக்குதா?" என்றாள் மெல்ல.

உள்ளங்கைக்கு நேர் கீழே ஒரு தட்டு.

அன்றிலிருந்து அவள் தனியாக இல்லை. அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் பேசினாள். பழவேற்காட்டு ஏரியைப் பற்றி, செத்துப்போன தன் உம்மாவைப் பற்றி. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு தட்டு. அவள் கையை எங்கே வைத்தாலும் அது அங்கே வந்தது.

"ஏங்க, கைய வச்சிப் பாருங்களேன்."

அஸ்கர் வைத்தான். காத்திருந்தான்.

"ஒண்ணும் இல்லியே ஹுமைரா. நீ தனியா குந்திக்கினு இன்னாத்தையோ நெனச்சிக்கினு கீற."

அவன் கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் படுத்ததும், வயிற்றுக்குள் ஒரு தட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கரண்ட் போனது. ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. மின்விசிறி நின்றது. அந்த வீட்டில் அவள் ஒருநாளும் கேட்டிராத அமைதி. அவள் எதுவும் பேசவில்லை. அப்போது அது தட்டியது.

தட்டு. சற்று இடைவெளி. தட்டு.

உதை போல இல்லை. கதவுக்கு வெளியே நிற்பவர் தட்டுவது போல இருந்தது. சமையல்கட்டுக்குப் போனாள். இன்னும் பலமாக. படுத்தாள். தலையணையை வயிற்றோடு அணைத்தாள். நிற்கவில்லை. கரண்ட் வந்து ஆலைகள் மறுபடி உறுமத் தொடங்கிய பிறகும் நிற்கவில்லை. முதன்முறையாக அவளுக்கு அதனிடம் பயம் வந்தது. பேசுவதை நிறுத்தினாள். அது நிறுத்தவில்லை.

புதன்கிழமை அஸ்கர் லீவு போட்டு அவளைத் திருவள்ளூருக்கு அழைத்துப்போனான். பெரிய டாக்டர் பூவராகவன் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"அசைவு நின்னு எத்தனை நாளாச்சும்மா?"

"நிக்கலியே. பஸ்சுலகூட…"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தி அஸ்கரிடம் சொன்னார்.

"இதயத் துடிப்பு இல்லப்பா. குழந்தை உள்ளயே இறந்துடுச்சு. நாலஞ்சு நாளாவது இருக்கும்."

நாலஞ்சு நாள். ஹுமைரா எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு…

அஸ்கர் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் கை மேலெழும்பியது.

அவர் எழுப்பவில்லை. கருவியோடு சேர்த்து அந்தக் கையைக் கீழேயிருந்து ஏதோ தூக்கியது. திரையில் பிள்ளை அசைவின்றிக் கிடந்தது. அவர் திரையைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கருவியை மெதுவாக எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். நாற்காலி சுவரில் இடித்தது.

"அஸ்கர்," என்றாள் ஹுமைரா. "இப்பப் பாருங்க."

அவன் பார்த்தான்.

ஸ்கேனுக்குத் தடவிய பசை மினுங்கிய தோலில், உள்ளேயிருந்து, சின்னதாக ஒரு மேடு. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. ஐந்து.

அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். அவள் விரல்களின் நடுவே அந்த மேடுகள் ஒவ்வொன்றாக எழும்பி, மடங்கி, இறுகின.