இரண்டு தரம் கூப்பிட்ட குரல்

துரை பங்களாவில் கார் நிறுத்தும் காடிக் கொட்டகைக் கதவை நல்லுசாமி தள்ளித் திறந்தபோது, உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் வந்து படிந்தது. வெளியே தேயிலைச் சரிவு முழுக்க டிசம்பர் வெயில். உள்ளேயோ பழைய எண்ணெய் வாடையும் நனைந்த சாக்கின் வாடையும்.

எழுபத்தெட்டாம் வருடம் அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் மேடமும் மறுநாள் காலை நீண்ட விடுப்பில் சீமைக்குப் புறப்படுகிறார்கள். அவர்கள் திரும்பும்வரை இரண்டு காடிகளும் கெடாமல் கிடக்க வேண்டும். மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில் ஈரம் பொல்லாதது. நிறுத்திய காடியை அப்படியே விட்டுவிட்டால் டயர் ஒரு பக்கம் சப்பிப்போகும், புகைக்குழாயில் எலி குட்டி போடும், அடித்தகட்டைத் துரு தின்றுவிடும். அதனால் பேட்டரியைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பி, பெட்ரோலை இறக்கி, புகைக்குழாய் வாயில் துணி அடைத்து, சக்கரம் தரையில் படாமல் காடியைக் கட்டைகளின் மேல் ஏற்ற வேண்டும். கடைசியாக அடிப்பக்கம் முழுக்கக் கழிவு எண்ணெய் பூச வேண்டும்.

நல்லுசாமி கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த புது டிரைவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆபீஸ் மூடுவதற்குள் கொட்டகைச் சாவி தன் மேசைக்கு வந்தாக வேண்டும் என்று தோட்டக் கணக்கு எழுதும் கிராணி கிரகரி காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

லேண்ட்ரோவர் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது மேடத்தின் மோரிஸ்.

உதவிக்கு வந்த கருப்பையா தேயிலைப் பேக்டரியில் வேலை பார்ப்பவர். லேண்ட்ரோவருக்கு ஓடியாடி உழைத்த மனிதர், மோரிஸின் முறை வந்ததும் கதவோரமாகவே நின்றுகொண்டார். கட்டைகளை அங்கிருந்தே காலால் தள்ளிவிட்டார்.

"ஏண்ணே, கிட்ட வந்து புடிச்சா கை வலிக்குமா?" என்றான் நல்லுசாமி.

"கை வலிக்காது தம்பி. மனசுதான் வலிக்கும்."

பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். நல்லுசாமிக்கு முன்னால் இங்கே டிரைவராக இருந்தவர் பக்கிரிசாமி, வாயில் சுருட்டு இல்லாமல் பார்க்க முடியாத மனிதர். துரை போன தடவை விடுப்பில் போனபோது, இதே கொட்டகையில் இதே மோரிஸைக் கட்டையில் ஏற்றிவிட்டு அடியில் படுத்து எண்ணெய் பூசியிருக்கிறார். காடி சரிந்து நெஞ்சின் மேல் இறங்கிவிட்டது.

மலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் ஒரு பழக்கம் உண்டு. பனிக்குள்ளிருந்து குரல் கேட்டால், மூன்றாவது தரம் கூப்பிடும்வரை பதில் கொடுக்க மாட்டார்கள். பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது என்பது நம்பிக்கை. அன்றைக்கும் பனி. கீழ்ப்பாதையில் போன ஆட்களெல்லாம் குரலைக் கேட்டார்கள். இரண்டு தரம் கேட்டது. மூன்றாவதுக்காக நின்று பார்த்தார்கள்.

மூன்றாவது தரம் கூப்பிடப் பக்கிரிசாமியிடம் மூச்சு இல்லை.

"அதான் சொல்றேன், பனி எறங்கிச்சுனா சாமானப் போட்டுட்டு வந்துரு. எது கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதலா. வீட்ல ஒம் பொஞ்சாதி சீதா நெறமாசமா இருக்கு" என்றார் கருப்பையா.

"மனுசன்தானண்ணே கூப்பிட்டாரு?"

"அன்னிக்கி மனுசன். இப்ப யாரு?"

பேக்டரிச் சங்கு ஊதியது. கருப்பையா பீடியை மிதித்து அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

நல்லுசாமி தனியாகவே ஜாக்கி வைத்து மோரிஸைத் தூக்கினான். நான்கு மூலைக்கும் கட்டை கொடுத்தான். கூரை ஒழுகும் மூலையில் கிடந்த கட்டைகள் அவை. வெளிப்பக்கம் தார் பூசிக் கெட்டியாகத்தான் தெரிந்தன. தட்டிப் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்தான். கழிவு எண்ணெய் நிறைந்த தகரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, முருகனை நினைத்து, மல்லாந்தபடி உள்ளே நகர்ந்தான்.

சிமெண்டுத் தரை முதுகைச் சில்லிட வைத்தது. மூக்குக்கு நேர் மேலே காடியின் கறுத்த வயிறு. தூரிகை இரும்பில் உரசும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

பாதி பூசியிருப்பான். கதவு வழியாக வந்துகொண்டிருந்த வெளிச்சம் மெல்ல வெளுத்தது. தலையைத் திருப்பினான். பனி வாசற்படியைத் தாண்டி, தரையோடு தரையாக உள்ளே தவழ்ந்து வந்தது. தேயிலைச் செடிகள் மறைந்தன. வாசலுக்கு வெளியே இருந்த தண்ணீர்க் குழாயும் மறைந்தது.

இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிடலாம் என்று கையை வேகப்படுத்தினான்.

சுருட்டு வாடை வந்தது.

கருப்பையா பிடிப்பது பீடி.

தூரிகை நின்றது.

"யாராச்சும் இருக்கீங்களா?"

குரல் வெளியேயிருந்து, குழாயடிப் பக்கமிருந்து வந்தது. ஆண் குரல். உரத்த குரலும் இல்லை, பயமுறுத்தும் குரலும் இல்லை. களைத்துப்போன ஒருவன் கேட்பதைப் போல இருந்தது.

நல்லுசாமி மூச்சை அடக்கினான். சீதாவின் முகமும், இன்னும் முகம் தெரியாத பிள்ளையும் நினைவில் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் போதும். பனி விலகிவிடும். வீட்டுக்குப் போய்விடலாம்.

எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

"யாராச்சும்..."

இந்தத் தடவை குரல் பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் ஓர் இழுப்பு. மார்புக்குள் காற்றை வாங்கப் பார்த்து, முடியாமல் போகிற இழுப்பு.

மூன்றாவது தரம் வராது என்று நல்லுசாமிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. கூப்பிடுவது யாராக இருந்தாலும், கேட்ட காதோடு சும்மா படுத்திருப்பது பாவம் என்று அவனுக்குப் பட்டது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதற்கு ஆள் உயிரோடு இருக்கிறானா என்று விசாரிக்க வேண்டுமா?

"இருக்கேண்ணே. இந்தா வர்றேன்" என்றான். சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

முழங்கையை ஊன்றி வெளியே நகர்ந்தான். சீதா கொடுத்துவிட்ட கோப்பிப் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினான். கை நீட்டினால் விரல் தெரியவில்லை. தடவித் தடவிக் குழாயடிக்குப் போனான்.

யாரும் இல்லை.

"அண்ணே? கோப்பி கொண்டாந்திருக்கேன்."

அவனுக்குப் பின்னால், கொட்டகைக்குள், மரம் முறிந்தது. அதைத் தொடர்ந்து இரும்பு தரையில் மோதிய சத்தம் மலையெங்கும் எதிரொலித்தது.

நல்லுசாமி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். உளுத்த கட்டை வழிவிட்டு மோரிஸ் இறங்கிவிட்டது என்பது அந்தச் சத்தத்திலேயே விளங்கியது. தான் படுத்திருந்த இடம்தான் அது என்பதும்.

கீழ்ப்பாதையில் ஆட்கள் ஓடிவரும் ஓசை கேட்டது. டார்ச் வெளிச்சம் ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு அவனைத் தாண்டி நேரே கொட்டகைக்குள் போனது. கருப்பையா. இந்த முறை அவர் கதவோரம் நிற்கவில்லை. காடியின் பக்கத்தில் குப்புற விழுந்து, அடியில் விளக்கடித்துப் பார்த்து, அழ ஆரம்பித்தார்.

"தம்பி... ஐயோ, தம்பி... காலு தெரியுது, சீக்கிரம் தூக்குங்க!"

நல்லுசாமி எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, நான் இங்க இருக்கேன்."

கருப்பையா திரும்பி அவனைப் பார்த்தார். மெல்லக் குனிந்து, மறுபடியும் காடிக்கு அடியில் பார்த்தார்.

"அப்ப அடியில யாரு?"

எல்லோரும் தோள் கொடுத்து மோரிஸைத் தூக்கி நகர்த்தினார்கள். அடியில் ஆள் யாரும் இல்லை. நசுங்கிய தகரத்திலிருந்து கொட்டிய கறுத்த எண்ணெய் தரை முழுக்கப் பரவியிருந்தது. நடுவில் மட்டும், ஒரு மனிதன் மல்லாந்து கிடக்கும் அளவுக்கு, சொட்டு எண்ணெய் படாமல் சிமெண்டு வெளுத்துக் கிடந்தது. தலை, தோள், அகட்டிய கால்கள். ஒரு கை வாசலை நோக்கி நீண்டிருந்தது.

நல்லுசாமி மண்டியிட்டு அந்த நெஞ்சின் இடத்தில் உள்ளங்கையை வைத்தான். அத்தனை குளிரிலும் தரை அங்கே வெதுவெதுப்பாக இருந்தது. பிளாஸ்க் மூடியில் கோப்பியை ஊற்றி, நீண்டிருந்த கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டான். கருப்பையாவும் கும்பிட்டார். அன்றைக்குச் சாவி ஆபீசுக்குப் போகவில்லை. கிராணியும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும், எண்ணெயை அள்ளுவதற்கு மரத்தூள் சாக்கோடு நல்லுசாமி தனியாகவே கதவைத் திறந்தான். எண்ணெய் அப்படியே உறைந்திருந்தது. வெளுத்த உருவமும் அதே இடத்தில்தான் இருந்தது.

ஆனால் அது இப்போது மல்லாந்திருக்கவில்லை. நீட்டிய கையைத் தலைக்கு அடியில் மடித்து, முழங்கால்களைச் சற்றே ஒடுக்கி, வேலை முடிந்து அயர்ந்து தூங்குகிற மனிதனைப் போல, சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது.