நாலாவது டெர்மினல்

டெலிபோன் அலறியது.

கம்ப்யூட்டர் அறையில் தனியாக இருந்த பாக்கியமேரி எடுத்தாள்.

"பாக்கியம்! டாக்டர் தீர்த்தகிரி பேசறேன். பென்னாகரம் ரோட்டுல ஒரு பொண்ணைக் கார் அடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சு. ஓ நெகடிவ் ரத்தம் வேணும். டோனர் பைலைத் திற!"

"பொண்ணு யாருங்க டாக்டர்?"

"மனசைத் தேத்திக்கம்மா... உங்க அக்கா லூர்துமேரி. உன் குரூப்பும் சேராது."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தாள்.

அது 1988. தர்மபுரியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குளுகுளு அறையில் ஒரே ஒரு பெரிய மெஷின். வார்டு, பார்மசி, கணக்குப் பிரிவு என்று ஆங்காங்கே அதோடு இணைந்த திரையும் கீபோர்டுமாக டெர்மினல்கள். எல்லாருடைய பைல்களும் அந்த ஒரே மெஷினுக்குள்! ரத்ததான முகாமில் பெயர் பதிந்தவர்களின் டோனர் பைலும் அங்கேதான்.

மெஷினுக்குள் நுழையத் தட்டினாள்.

'இடமில்லை' என்றது திரை.

ஒரே நேரத்தில் எட்டு டெர்மினல்கள்தான் உள்ளே இருக்கலாம். எட்டும் நிரம்பியிருந்தது!

இன்டர்காமை எடுத்தாள்.

"பார்மசியா? குள்ளம்மாக்கா, மெஷினை விட்டு வெளிய வாங்கக்கா!"

"பில்லு பாதியில நிக்குதுடி..."

"எங்கக்கா உசுரு நிக்குதுக்கா!"

ஒரு இடம் காலியானது. பாய்ந்து உள்ளே நுழைந்தாள். டோனர் பைலைக் கேட்டாள்.

'வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார். காத்திருக்கவும்.'

"ஐயோ மாதாவே!"

கதவு திறந்தது. ஆஸ்பத்திரி மேனேஜர் மாதப்பன் வந்தார். பின்னாலேயே இன்ஸ்பெக்டர் சென்னப்பன். லூர்துமேரியிடம் வாக்குமூலம் வாங்க வந்தவர்.

"என்னாச்சும்மா?" மாதப்பனின் குரலில் பதற்றம்.

"டோனர் பைலை யாரோ திறந்து வெச்சிருக்காங்க சார். அவங்க மூடுற வரைக்கும் எனக்குத் திறக்காது!"

மறுபடி டெலிபோன்.

"பாக்கியம், பல்ஸ் இறங்குது! சேலத்துக்கு ஆள் போயிருக்கு. ஆனா அவங்க வர்ற வரைக்கும் தாங்காது. சீக்கிரம்!"

அழுதுகொண்டே இன்னொரு கட்டளையைத் தட்டினாள். பைலைப் பிடித்து வைத்திருப்பது யார்?

திரை பதில் சொன்னது.

"நாலாவது டெர்மினல்..." நிமிர்ந்தாள். "சார்! அது உங்க ரூமுங்க!"

"என் ரூமா? அது பூட்டிக் கெடக்கே! இன்ஸ்பெக்டர் வந்திருக்கார்னு நர்ஸ் கூப்பிட்டாங்க, பூட்டிட்டு வந்தேன்."

"சாவியைக் குடுங்க சார், நான் ஓடறேன்!"

மாதப்பன் பாக்கெட்டுகளைத் தடவினார். "எங்கியோ விட்டுட்டேன் போல... இதெல்லாம் எதுக்கு? மெயின் சுவிட்சை அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிரும்!"

"வேணாம் சார்! திறந்திருக்கிற பைல் உடைஞ்சு போயிரும். ஒரு பேரும் மிஞ்சாது!"

மாதப்பனின் கை சுவிட்சை நோக்கிப் பாய்ந்தது...

பாதியில் அந்தக் கையை இன்ஸ்பெக்டர் பிடித்தார்.

"அந்தப் பொண்ணுதான் வேணாங்குதே. அப்புறம் என்னங்க அவசரம்?"

"நாலாவது கனெக்‌ஷனை மட்டும் இங்கிருந்தே வெட்டி விடறேன்!" என்றாள் பாக்கியமேரி.

தட்டினாள். மெஷின் முனகியது... யோசித்தது...

பைல் திறந்தது!

ஓ நெகடிவ். மொத்தப் பைலிலும் ஒரே ஒரு பெயர்.

படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். மெல்லத் திரும்பினாள்.

"சார்... இது நீங்க!"

மாதப்பனின் முகம் வெளுத்தது.

"உங்க பேரை அழிக்கத்தானே திறந்தீங்க? நடுவுல நர்ஸ் வந்து கூப்பிட்டுட்டாங்க. ஏன் சார்? எங்கக்கா உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

அவர் சரிந்து நாற்காலியில் விழுந்தார்.

"வேணும்னு இடிக்கலம்மா! வளைவுல திடீர்னு வந்துட்டாங்க... என் மூஞ்சியப் பார்த்துட்டாங்க... கண்ணு முழிச்சா என்னைக் காட்டிக் குடுத்துருவாங்கன்னு..."

பாக்கியமேரி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "எந்திரிய்யா! வந்து ரத்தம் குடு!"

"மாட்டேன்! கட்டாயப்படுத்த முடியாது!"

"முடியாதுதான்," என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "ஆனா அந்தம்மா பிழைச்சா இது ஆக்சிடென்ட் கேஸ். செத்தா... தெரிஞ்சே சாக விட்டதுக்குக் கொலைக் கேஸ் போடுவேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

மாதப்பன் எழுந்தார்.

சேலத்து ரத்தம் வந்து சேரும்வரை அந்த ஒரு பாட்டில் தாங்கியது. சாயங்காலம் லூர்துமேரி கண் விழித்தாள். தங்கையின் முகத்தைத் தடவினாள். பாக்கியமேரி கட்டிலின் ஓரத்தில் தலை வைத்து வாய்விட்டு அழுதாள்.

வெளியே வராந்தாவில், ஒரு கையில் பஞ்சும் மறு கையில் விலங்குமாக மாதப்பன்.

"இன்ஸ்பெக்டர்... தலை சுத்துது. ரத்தம் குடுத்தவங்களுக்கு ஜூஸ் தருவாங்களே?"

சென்னப்பன் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஜூஸெல்லாம் உடம்புக்கு ஆகாது சார். இனிமே உங்களுக்குக் களிதான்!"