நாற்காலித் தடம்

அறையில் ஒரு சாமான் இல்லை. ஆனால் கம்பளத்தில் நாற்காலிக் கால்கள் அழுத்திய நாலு குழியும், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி அப்படியே இருந்தன.

அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான். வீடு வீடாகப் போய்க் கம்பளம் சுத்தம் செய்கிறவள் அவள். கம்பளக்காரி என்றால்தான் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தரையைப் பார்த்தே அந்த வீட்டின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். சுவரோரம் ஒரு கட்டில் கிடந்திருக்கிறது. அதன் தடம் எப்போதோ எழும்பி, நிறம் மட்டும் கொஞ்சம் வேறாகத் தெரிந்தது. அவ்வளவு கனமான கட்டிலின் தடமே எழும்பிவிட்டபோது, கேவலம் ஒரு நாற்காலியின் தடம் எழும்பாமல் கிடப்பானேன்? அதிலும் கட்டில் பக்கம் இருந்த இரண்டு குழிகளும் மற்ற இரண்டையும்விட ஆழம். உட்கார்ந்தவர் கட்டிலை நோக்கி நன்றாகக் குனிந்தே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. மொட்டை மலைகளுக்கு நடுவே கிடந்த அந்தப் பள்ளத்தாக்கில் தூசி படியாத இடமே கிடையாது. குடித்து வைத்த தம்ளரில், பேசி முடிப்பதற்குள் ஒரு பூச்சு ஏறிவிடும். பூட்டிக் கிடந்த இந்த அறைக் கம்பளமும் மாவு சலித்துக் கொட்டியது போலத்தான் இருந்தது. அந்த நாலு குழியில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

வீட்டுக்கார அம்மா அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

“எல்லாத்தையும் நல்லா சுத்தம் பண்ணிடும்மா. அந்த நாலு குழிய மட்டும் தொடாத. அது இருக்கற மாதிரியே இருக்கட்டும்.”

“நீராவி காட்டினா பொசுக்குனு எழும்பிடும்மா. இருந்த இடமே தெரியாது.”

“அதுதான் வேணாங்கறேன்.” அந்த அம்மா அவள் தோளுக்குப் பின்னால் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “தனியாத்தான வந்த?”

“ஆமாம்மா.”

கூசாமல் சொன்னாள். காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்திய வேனில் அவள் மகள் இருந்தாள். காற்று அதிகம் என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பிள்ளையை விட்டுவர ஆளில்லை. வேலைக்கு வந்த இடத்தில் பிள்ளையைக் கூட்டிவந்தால் முகம் சுளிக்கிறவர்கள்தான் அதிகம். வீட்டுக்குள் அழைத்து வரவும் முடியாது. வாலு என்று அவள் கூப்பிடும் அந்த ஏழு வயதுச் சுட்டிக்கு மூச்சிரைப்பு உண்டு. ஒரு கம்பளத்தைத் தட்டினால் கிளம்பும் தூசியே அவளுக்கு எமன். அம்மா உடம்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் தூசிதான் பிள்ளைக்கு இந்தக் கதியைக் கொடுத்தது என்று கம்பளக்காரிக்குத் தெரியும். அதை நினைத்தால் ராத்திரி சோறு இறங்காது.

“கண்ணாடிய இறக்கக் கூடாது. மூச்சு முட்டுச்சுன்னா ஹாரன் அடி, அம்மா ஓடி வந்துடுவேன்.” வேனை விட்டு இறங்கும்போதே சொல்லியிருந்தாள்.

“முட்டாட்டியும் அடிக்கலாமா?”

“அடிச்சே, வந்து காதைத் திருகிடுவேன்.”

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? அவள் வேக்குவத்தைப் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, வெளியே பாம், பாம் என்றது.

“யாரு அது?” கூடத்திலிருந்து வீட்டுக்கார அம்மா குரல் கொடுத்தார்.

“ரோட்ல யாரோ போறாங்கம்மா.”

சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தாள். கடைசிச் சுவரில் தொடங்கி, சுத்தம் செய்த இடத்தைப் பார்த்தபடியே வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்து வருவதுதான் தொழில் முறை. ஈரக் கம்பளத்தை மிதிக்கக் கூடாது. ஜன்னலில் காற்று மணலை அள்ளி அள்ளி வீசியது. மதியம்தான், ஆனாலும் அறைக்குள் வெளிச்சம் வடிகட்டின டீயைப் போலப் பழுப்பாகி, மூலைகளில் மங்கிக்கொண்டே வந்தது. நனைந்த கம்பளத்திலிருந்து பழைய மருந்து வாடை கிளம்பியது. தைலமும், நாள்பட்ட வியர்வையும், மூடிவைத்த வாயின் நாற்றமும் கலந்த ஒரு வாடை.

தண்ணீர் மாற்ற இயந்திரத்தை நிறுத்தியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கீ… ச். கீ… ச்.

இந்த உலகத்தில் எந்தச் சத்தத்தை மறந்தாலும் அவள் அதை மறக்கமாட்டாள். நெஞ்சு அடைத்துக்கொண்டவர் மூச்சை இழுக்கிற சத்தம். பக்கத்து அறையில் யாரோ சீக்காளி படுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஐயோ பாவமே என்றிருந்தது. இப்படி ஒரு ஜீவனைப் படுக்கப் போட்டுவிட்டு, இந்த அம்மா தடத்தைத் தொடாதே, குழியைத் தொடாதே என்று செண்டிமென்ட் பேசிக்கொண்டிருக்கிறாரே!

குழிக்கு மேலே தூசி இல்லாவிட்டால் என்ன, பாரம் அழுத்திய இடத்தில் தூசி அடிவரைக்கும் இறங்கிக் கெட்டித்துக் கிடக்கும். இழைகளை எழுப்பாமல் எந்த இயந்திரமும் அதை உறிஞ்சாது. அந்தத் தூசி கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பித்தான் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற சீக்காளியை இந்தப் பாடு படுத்துகிறது. தன் பிள்ளையாக இருந்தால் விட்டுவைப்பாளா?

மண்டியிட்டாள். ஈரத் துண்டை விரித்து, ஒவ்வொரு குழியாக நீராவி காட்டி, விரல் நுனியால் இழைகளைக் கோதிவிட்டாள். முதல் மூன்றும் சொன்னபடி கேட்டன. நாலாவது குழியில் கை வைத்தபோது அது சில்லென்று இருந்தது. அத்தனை சூட்டுக்கு நடுவிலும். கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து அதையும் எழுப்பினாள்.

கீச்சுச் சத்தம் நின்றது.

அப்பாடா, பலன் தெரிகிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பு முடிவதற்குள், எழும்பிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஈர இழைகள் மெல்ல அமுங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அவள் கண்ணைக் கசக்கினாள். குனிந்து குனிந்து வேலை செய்ததில் தலை சுற்றுகிறது, அவ்வளவுதான். காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுபடி பார்த்தபோது அந்த நாலு குழிகளையும் காணோம். அவற்றுக்கு இந்தப்பக்கம், அவளுக்கு இன்னும் கிட்டத்தில், புதிதாக நாலு.

நாற்காலியைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வருவது போல.

இயந்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அவை அவளை நோக்கி வரவில்லை. அவள் காலருகே அமுங்கின. எழும்பின. வாசற்படியோரம் அமுங்கின. அதற்கப்புறம் நடைவழியில் விரித்திருந்த நீளக் கம்பளத்தில்.

“அம்மா!” என்று கத்தினாள்.

வீட்டுக்கார அம்மா ஓடிவந்தார். நடைவழியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமலே புரிந்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

“எழுப்பிட்டியா? படிச்சுப் படிச்சு சொன்னேனே…”

“பக்கத்து ரூம்ல யாரோ மூச்சு விடமுடியாம இழுத்தாங்கம்மா. அவங்களுக்காகத்தான்…”

“இந்த வீட்ல என்னைத் தவிர யாரும்மா இருக்காங்க? அது என் நாத்தனார்.” அந்த அம்மா நடைவழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யாருக்கு மூச்சு முட்டினாலும் நாற்காலியத் தூக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்துப்பா. குனிஞ்சு வாயையே பாத்துட்டிருப்பா. மூச்சு அடங்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டா. எங்க மாமியாருக்கு அப்படி உக்காந்தா. அப்புறம் என் வீட்டுக்காரருக்கு. கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் அவகிட்டயே தங்கிடுச்சு. அவ செத்துப் போனப்புறம் நாற்காலியைக் கொளுத்திட்டோம். குழி மட்டும் எழும்பல. சரி, அங்கேயே உக்காந்து கெடக்கட்டும்னு கதவை மூடிட்டேன்.”

நடைவழிக் கம்பளத்தின் கடைசியில், தெருக்கதவுக்குப் பக்கத்தில், நாலு குழிகள் மெதுவாக எழும்பி மறைந்தன.

“எங்கம்மா போகுது?”

“தெரியலையே. இங்க மூச்சு முட்டறவங்க யாருமே இல்லையே…”

அவளுக்கு ஹாரன் நினைவு வந்தது.

ஹாரன் சத்தம் கேட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? பிள்ளை தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தாள். வாலு பகலில் தூங்குகிறவளா?

ஓடினாள். செருப்புப் போடவில்லை. வெளியே எதிரே வருகிற ஆள் தெரியாத தூசி. வாயெல்லாம் மண். காம்பவுண்டுக் கதவில் கை. கதவு திறந்து கிடந்தது. காற்று திறந்திருக்கும். காற்றுதான். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் வேன் நிழல் மாதிரி தெரிந்தது. தட்டுத் தடுமாறிப் பின்கதவை இழுத்தாள்.

சுருட்டிவைத்த கம்பளங்களுக்கு நடுவில், நீளச் சீட்டில், பிள்ளை மல்லாந்து கிடந்தாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது.

கீ… ச்.

“கண்ணு! அம்மா வந்துட்டேன்டா. இதோ, வாயத் திற.”

சீட்டோரம் கிடந்த மூச்சு மருந்துக் குப்பியை வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து பல்லில் பட்டுப் புகையாகத் திரும்பி வந்தது. உள்ளே இழுக்க மூச்சு வேண்டுமே. கழுத்துக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள். எழவில்லை. தினம் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிற பிள்ளை, தண்ணீரில் ஊறின கம்பளமாகக் கனத்தாள். ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

பிள்ளை அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

“இந்த அத்தைய… எந்திரிக்கச் சொல்லும்மா.”

கம்பளக்காரி குனிந்து பார்த்தாள். வேனின் தரையில் அவளே வெட்டி ஒட்டிய பழைய கம்பளத் துண்டு. சீட்டை ஒட்டி நாலு குழி.

பின்னால் இருந்த இரண்டும், இழை இழையாக, மெல்ல எழும்பத் தொடங்கின. பிள்ளையின் முகத்தை ஒட்டி முன்னால் இருந்த இரண்டும் ஆழமாகிக்கொண்டே போயின.