கேட்போர் இல்லை

மேடையின் பின்சுவர்த் திரையில் முள் உயர ஆரம்பித்ததும் ஜெனோவா வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினாள். ஒரு மூச்சு நேரம் மௌனம். முள் இன்னும் மேலே ஏறியது. பட்டிமன்ற அரையிறுதியை வென்றுவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. கைதட்டும் வழக்கம் ஒழிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேட்போர் ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் சாய்வுப்பட்டை இருந்தது. நாடித்துடிப்பையும் தோலின் ஈரத்தையும் வைத்து, அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது திரையின் முள்ளுக்குச் சொல்லிவிடும். அதனால் பட்டிமன்றத்துக்கு நடுவர் தேவையில்லை, குறுக்குக் கேள்வி தேவையில்லை. மாணவர்கள் முள்ளைப் பார்த்துப் பேசப் பழகினார்கள். முகங்களைப் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பட்டைகளைத் தந்தது நாவலம் என்ற நிறுவனம். தூத்துக்குடிக் கரையோரப் பள்ளிகளோடு அதற்குச் 'சொல்லிணைவு' ஒப்பந்தம் இருந்தது. பயிற்சியும் பேருந்தும் மதியச் சாப்பாடும் நாவலத்தின் பொறுப்பு. பதிலுக்கு, முள்ளை அசைத்த சொற்களை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். சொற்கள்தானே என்று எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

ஜெனோவா வீடு திரும்பியபோது அப்பா சவரிராயன் பேசும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காற்றின் வேகம், மீன் விலை, அரசு அறிவிப்பு எல்லாவற்றையும் வீடுகளுக்குச் சொல்வது நாவலத்தின் அந்தச் சுவர்தான்.

"கடல் உங்களைக் கேட்டு அலையடிப்பதில்லை" என்றது சுவர். "உங்கள் பிள்ளைகள்தான் உங்களைக் கேட்டு வளர்கிறார்கள்."

ஒரு மூச்சு நேரம் மௌனம்.

"சரி" என்றார் அப்பா.

ஜெனோவாவின் கையிலிருந்த பை நழுவியது. "என்னத்துக்குப்பா சரின்னீங்க?"

"உப்புநீக்கு ஆலைக்கு நம்ம கரைக்கடல விட்டுக்குடுக்கணும்லா. ஊர்ல முக்கால்வாசிப் பேரு சொல்லியாச்சு. நல்லாத்தான பேசுது?"

"அது நான் பேசினதுப்பா. போன வருசம் சீட்டுல அந்தப் பக்கம் விழுந்துச்சு, பேசினேன். மத்தபடி நான் அத நம்பவேயில்ல."

அப்பா சிரித்தார். "அப்போ பெருமதானட்டி! எம் மவ பேச்சுக்கு நானே விழுந்துட்டேம்லா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரிடம் சொன்ன 'சரி' ஞாயிறு மாலைக்குள் திரும்பப் பெறப்படாவிட்டால் சட்டப்படி உறுதியாகிவிடும். பிறகு அப்பாவின் மீன்பிடி வள்ளம் கரையில்தான் கிடக்கும்.

இறுதிப்போட்டி அதே ஞாயிறு காலை. தலைப்பு கரைக்கடலைக் கொடுப்பதா வேண்டாமா என்பது. இந்த முறை அவளுக்குச் சீட்டில் வந்தது 'கூடாது'.

"பட்டைய கழத்தச் சொல்லப்போறேன்" என்றாள், அணித்தோழி ரிஸ்வானாவிடம்.

"சொல்லு. நீ எப்படிச் சொன்னா கழத்துறாங்கன்னு அதையும் நாவலம் கத்துக்கிடும். அடுத்த மாசம் சுவரு, 'பட்டையைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்'னுதான் ஆரம்பிக்கும்."

"அப்போ அழகாச் சொல்ல மாட்டேன்."

"ஒனக்கு அழகில்லாம பேசத் தெரியுமாட்டி?"

ஞாயிறன்று அரங்கு நிறைந்திருந்தது. அப்பாவும் வந்திருந்தார். ஜெனோவா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஒங்க வீட்டுச் சுவரு பேசுறது என் பேச்சு. ஒங்களுக்காக யோசிச்சதில்ல. முள்ளு ஏறணும்னு யோசிச்சது. பட்டைய கழத்துங்க. கழத்தாட்டி நான் பேச மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

முன்வரிசையிலிருந்து நாவலத்தின் இணைவு அலுவலர் முகுந்தன் எழுந்தார். "விதிப்படி பேசும்மா. இல்லைன்னா இணைவு ரத்தாயிடும். நாளைலேர்ந்து உங்க பள்ளிக்குப் பஸ் வராது."

"நடந்து வருவோம் சார்."

யாரோ சிரித்தார்கள். ரிஸ்வானா தன் பட்டையைக் கழற்றித் தரையில் போட்டாள். அடுத்த இருக்கையில் ஒரு சத்தம். பிறகு வரிசை வரிசையாக. திரையில் கேட்போர் எண்ணிக்கை சரிந்துகொண்டே போய், 'கேட்போர்: ஒருவர்' என்று நின்றது.

எல்லோரும் முகுந்தனைப் பார்த்தார்கள். திரையின் முள் நடுங்கியது. பிறகு, அவள் இன்னும் ஒரு வாதமும் சொல்லாதபோதே, மெல்லக் 'கூடாது' பக்கம் சாய்ந்தது. முகுந்தனின் முகம் சிவந்தது. மணிக்கட்டைக் கையால் மூடிப் பார்த்தார். முள் மறைவதாக இல்லை. பட்டையை அவிழ்த்துப் பைக்குள் திணித்தார்.

'கேட்போர் இல்லை' என்றது திரை, நிறைந்த அரங்கைப் பார்த்து.

ஜெனோவா பேசத் தொடங்கினாள். முதல் வாக்கியம் முடிந்ததும் பழக்கத்தில் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே முள் இல்லை. எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது எதுவும் புரியவில்லை. முன்னால் ஒருவர் கொட்டாவி விட்டார். ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள். அது கோபமா, யோசனையா? ஜெனோவாவுக்குப் படிக்கத் தெரியவில்லை. உளறினாள், சொன்னதையே திரும்பச் சொன்னாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

பாதியில் அப்பா எழுந்தார். அந்த அரங்கில் ஒருவர் குறுக்கே எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"நான் குடுத்த சரியத் திரும்ப வாங்கிக்கிடப்போறேன்" என்றார். "ஒன் பேச்சுல மயங்கின்னு நெனைக்காதட்டி. நீ பேசினதுல பாதி தப்பு."

"அதெல்லாம் ஒண்ணும் வாங்க வேண்டாம்!" பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "ஆலை வரட்டும். நான் தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"நீரு உக்காரும்வே" என்று அப்பாவைப் பார்த்து இன்னொரு குரல். "ஏன் உக்காரணும்?" என்று வேறொன்று.

ஜெனோவா ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கி வந்து, அப்பாவிடம் நீட்டினாள்.

"எந்தப் பாதின்னு சொல்லுங்கப்பா. குறுக்க நானும் பேசுவேன்."