பங்கருக்குள் ஓர் இடம்

தொண்ணூறாம் ஆண்டு, குருநகரில் ஷெல் விழுந்து வீட்டுக் கூரை போனதும், யசிந்தா தன் சின்ன மகள் மார்கிரட்டோடு சண்டிலிப்பாய்க்கு வந்து சேர்ந்தாள். வெறுமையாய்ப் பூட்டிக் கிடந்த ஒரு கல்வீட்டின் திறப்பைப் பக்கத்து வீட்டுத் தம்பிஐயா கொடுத்தார். முன்னால் கிணறும் துலாவும். பின்னால், குண்டு விழும்போது ஒதுங்க, பனங்குற்றி அடுக்கி மூடிய பதுங்குகுழி, பங்கர்.

"வீட்டுக்காரர் எங்கை, அண்ணை?"

"கொழும்பிலை," என்றவர் மேலே கதைக்காமல் போய்விட்டார்.

வீட்டைப் பற்றி யசிந்தாவுக்குப் பயமில்லை. அவளுடைய பயமெல்லாம் தலைக்குள் இருந்தது. கடலுக்குப் போன புருசன் சிமியோன் திரும்பாத நாளிலிருந்து பொல்லாத நினைப்புகள் அவளைப் பிய்த்துத் தின்றன. கோயிலில் ஒரு கன்னியாஸ்திரிதான் வழி சொன்னார்: "நினைப்பை விரட்டாதை பிள்ளை. உது ஆரெண்டு பார். இருக்க இடம் குடு. சொல்லுறதை மட்டும் செய்யாதை." அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டினாள்.

வந்த வாரமே ஒரு மத்தியானம் குண்டு போடும் பொம்மர் வானத்தில் இரைந்தது. மகளை அள்ளிக்கொண்டு பங்கருக்குள் இறங்கினாள். கும்மிருட்டு. ஈரமண் வாடை. பிள்ளை பயத்தில் குரலே வராமல் மடியில் கிடந்தாள்.

தலைக்குள் ஒரு நினைப்பு குரலாய் எழுந்தது: உன்ரை பிள்ளை கிணத்தடியிலை நிக்குது.

யசிந்தா மகளின் காதுத் தோட்டைத் தடவினாள்.

தோடு எல்லாப் பிள்ளையளுக்கும் இருக்கும். மடியிலை கிடக்கிறது உன்ரை இல்லை. ஓடு.

பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு ஒரு படி ஏறியும் விட்டாள்.

கன்னியாஸ்திரி சொன்னது நினைவில் வந்தது: ஆரெண்டு பார்.

பார்த்தாள். அவளுடைய பயம் எப்போதும் கடல் பக்கமிருந்துதான் வரும். தொண்டையில் உப்புக் கரிக்கும். இது பச்சைப் புகையிலை மணத்தது. புகையிலைத் தோட்டத்தில் அவள் கால் வைத்ததே இல்லை.

"இது என்ரை நினைப்பில்லை."

திரும்பி வந்து மகளை இறுக்கிக்கொண்டாள். "ஆரெண்டாலும் இதிலை இரு. நான் வரமாட்டன்."

பக்கத்தில் கிடந்த மண்மூட்டை, ஆரோ வந்து உட்கார்ந்தாற்போல, மெல்ல அமிழ்ந்தது.

குண்டு விழுந்தது.

மேலே வந்தபோது கிணற்றுக்கட்டைக் காணவில்லை. துலா முறிந்து கிடந்தது. ஓடிவந்த தம்பிஐயா இருவரையும் கண்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நல்லகாலம், நீ வெளியிலை ஓடேல்லை. வீட்டுக்காரி ஞானாம்பிகை ஓடினவ. புகையிலைத் தோட்டத்திலை நிண்டு வந்து பங்கருக்குள்ளை இறங்கினவ, பிள்ளை கிணத்தடியிலை எண்டு கத்திக்கொண்டு திரும்ப ஓடினா. ஷெல் பட்டுச் செத்துப்போனா. பிள்ளை உள்ளுக்குத்தான் இருந்தது, பாவம். தகப்பன் அதைக் கொழும்புக்குக் கொண்டு போயிட்டார்."

யசிந்தாவுக்குப் பயத்தைவிட இரக்கந்தான் வந்தது.

பின்னேரம் பொம்மர் மறுபடி வந்தது. ஒதுங்க வேறு இடமில்லை; மகளோடு அதே பங்கருக்குள் இறங்கினாள். இந்த முறை தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. தப்பிவிட்டோம் என்றே நினைத்தாள். மார்கிரட் அவளோடு சாய்ந்திருந்தாள்.

புகையிலை மணத்தது.

"அம்மா," மகள் இருட்டில் கிசுகிசுத்தாள். "ஏன் என்ரை தோட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறியள்?"

யசிந்தாவின் இரண்டு கைகளிலும் செபமாலை இருந்தது.