சைக்கிளைத் தள்ளி வந்தவள்

காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளிக் சார் அந்த வளைவில் காரை நிறுத்தினார். கீழே பஞ்சர் கடை. மேலே எப்போதோ மூடிப்போன டிரைவிங் ஸ்கூல். படிக்கட்டின் சுவரில் ‘நிதானமே பிரதானம்’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும், கடைசி எழுத்துகள் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

மேலே ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் வளைவு முழுவதும் தெரியும். துறை இந்த அறையைப் பிடித்து வைத்திருப்பதே அதற்காகத்தான். சுவரெல்லாம் வெளுத்துப்போன சாலைக் குறியீடுகள். மூலையில், கற்றுக்கொள்ள வந்தவர்கள் பிடித்துப் பழகிய ஒரு ஸ்டியரிங், வண்டி இல்லாமல் தனியாக நின்றது. பழைய ரப்பர் வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் கலந்து அடித்தன.

கிளிக் சார் என்பது அலுவலகம் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடமாக சாலையோரம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவதுதான் அவர் உத்தியோகம். இடது கையில் சைக்கிளுக்கு ஓர் எண்ணும் கருவி, வலது கையில் மோட்டார் வண்டிகளுக்கு இன்னொன்று. கட்டைவிரலால் ஓர் அமுக்கு, ஒரு கிளிக், ஓர் எண். தூக்கத்திலும் கட்டைவிரல் ஆடுகிறது என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார். இத்தனை வருடத்தில் அவர் கொடுத்த படிவம் ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது. மனுஷனுக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே.

அந்த வளைவில் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்பது சைக்கிள்காரர்களின் கோரிக்கை. இருக்கிற சாலையே எங்களுக்குப் போதவில்லை என்பது கார்க்காரர்களின் பதில். கார்க்காரனுக்கு சைக்கிள்காரன் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறவன். சைக்கிள்காரனுக்குக் கார்க்காரன் சோபாவோடு நகர்கிற சோம்பேறி. தினமும் ஒருவரையொருவர் திட்டி, சில நாள் கண்ணாடியைத் தட்டி, சில நாள் ஹாரனால் காதைக் கிழித்து வாழ்ந்துவந்தார்கள்.

நடுவில் சாலைப் பாதுகாப்புத் துறை. அதன் இயக்குநருக்கு அலுவலகம் வைத்த பெயர் மைக். மேடையில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். சாலைப் பாதுகாப்பு வாரத்தை சைக்கிள் ஓட்டித் தொடங்கிவைத்தவர் அவர். இரண்டு பேர் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் இறங்கிக் காரில் போனார். சண்டைக்கு அவர் சொன்ன தீர்ப்பு, “எண்ணிப் பார்ப்போம்.” மூன்று நாள், காலை ஆறிலிருந்து பத்துவரை. முன்னூறு சைக்கிள் வந்தால் பாதை உண்டு. ஒன்று குறைந்தாலும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் எண்ணியபோது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது. எண்ணியவர் கிளிக் சார்தான். இப்போது சைக்கிள்காரர்கள் மறுபடி மனு கொடுத்து, மறுபடி கணக்கெடுப்பு வந்திருக்கிறது.

“வாங்க சார்,” என்றார் பஞ்சர் கடைக்காரர், ஷட்டரைத் தூக்கிக்கொண்டே. “இந்தத் தடவையாச்சும் முழுசா எண்ணுவீங்களா?”

“போன தடவை என்ன பாதியா எண்ணினேன்?”

“நான் என்ன கண்டேன். மேல இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லுவாங்க. நான் கீழ இருக்கறவன்.”

கிளிக் சார் படியேறினார்.

முதல் நாள் பனி இறங்கிக்கிடந்தது. கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. எட்டு மணிக்கு மஞ்சள் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒரு சைக்கிள் ஜன்னலுக்குக் கீழே நின்றது. அவருடைய மகள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. போன மாதத்திலிருந்து இந்த வழியாகத்தான் போகிறாள். வேண்டாம் என்று அவர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அப்பா, என்னை எண்ணிட்டீங்களா?”

“எண்ணியாச்சு. நடு ரோட்டுல நின்னு கத்தாதே, போ.”

“திரும்பி இன்னொரு சுத்து வரட்டா? ரெண்டா போட்டுக்கங்க.”

“ஏமாத்துக்காரி. ஓரமா போ.”

ஓரம் என்று ஒன்று அங்கே இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம், அதற்கப்பால் சாக்கடை மூடி. அவள் வளைவில் திரும்பும்வரை கிளிக் சாரின் கட்டைவிரல் கருவியின்மேல் அப்படியே இருந்தது. ஒரு கார் அவள் முழங்கையை உரசுகிற மாதிரி போயிற்று. அவளுக்குப் பழகிவிட்டது போலும், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தச் சத்தம் வந்தது.

டிக், டிக், டிக், டிக்.

மெல்லிய, சீரான சத்தம். முதலில் கையில் இருந்த கருவிதான் என்று நினைத்துப் பார்த்தார். விரல் அசையவில்லை. சத்தம் கீழே, கட்டடத்துச் சுவரை ஒட்டி நகர்ந்துபோய் நின்றது.

இறங்கும்போது பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டார்.

“ஃப்ரீவீல் சார்,” என்றார் அவர். “மிதிச்சா கேக்காது. இறங்கித் தள்ளினா கேக்கும்.”

“யாரும் தள்ளிக்கிட்டுப் போகலையே.”

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைத் தேடினார். “ஆமா,” என்றார். “போகல.”

அன்று இரவு கிளிக் சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். மறக்க நினைத்தது அழைக்காமலே வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

போன கணக்கெடுப்பின் மூன்றாம் நாள், இதே பத்து மணிக்குப் பத்து நிமிடம். மழை. ஒரு கார் ஒரு பெண்ணின் சைக்கிளை ஓரத்துக்கு நெருக்கியது. அவள் பயந்து இறங்கி, தள்ளிக்கொண்டு வளைவைக் கடந்தாள். அவர் கட்டைவிரல் கருவியின்மேல் இருந்தது. அப்போதுதான் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஐந்தாவது குறிப்பு ஞாபகம் வந்தது: சைக்கிளைத் தள்ளிச் செல்பவர் பாதசாரியாகக் கருதப்படுவார். விரலை எடுத்துக்கொண்டார். முன்னூறுக்கு ஒன்று குறைந்தது.

பதினோரு நாள் கழித்து அதே வளைவில், அதே மாதிரி தள்ளிக்கொண்டு போன அதே பெண்ணைக் கார் அடித்துக் கொன்றது. போலீஸ் படிவத்திலும் அதே குறிப்பு இருந்தது. அவள் பாதசாரி. அந்த வருட விழாவில் மைக் முழங்கினார்: “இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிகளின் மரணம் பூஜ்யம்.” கைதட்டல் கூரையைப் பிளந்தது. கிளிக் சாரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே.

இரண்டாம் நாள் மழை. மகள் எட்டு மணிக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனாள். சைக்கிள்கள் குறைந்தன. பத்துக்குப் பத்து நிமிடம்.

டிக், டிக், டிக்.

இந்த முறை சத்தம் சுவரோரம் நிற்கவில்லை. படிக்கட்டுக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் சக்கரம் மோதி ஏறுகிற சத்தம், பிறகு ஒரு மூச்சு, பிறகு அடுத்த படி. பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறும் ஆளின் மூச்சு.

சாலையிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது என்பது வேலையின் முதல் விதி. கிளிக் சார் தன் வாழ்நாளில் அந்த விதியை அவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்ததில்லை.

மூச்சு நின்றது. சங்கிலி எண்ணெயும் மழைத்தண்ணீரும் கலந்த வாசனை அறைக்குள் பரவியது.

பத்து அடித்ததும் திரும்பினார். அறையில் யாரும் இல்லை. கதவிலிருந்து அவர் நாற்காலிவரை தரையில் ஈரமாக ஒரு டயர்த் தடம், பக்கத்திலேயே செருப்புத் தடம். வந்த தடம் மட்டும்தான். திரும்பிப் போன தடம் இல்லை.

அன்று மாலை மைக் போன் செய்தார். “நான் எதுவும் சொல்லலை. நம்ம துறை நடுநிலையான துறை. மோட்டார் சங்கத்துக்காரங்க நாளைக்கு மூணு மணிக்கு மாலையோட வர்றாங்க, அது வேற விஷயம். அஞ்சாம் குறிப்பை மட்டும் மறந்துடாதீங்க.”

மூன்றாம் நாள் மகள் வீட்டு வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார். “இன்னிக்கு மட்டும் பஸ்ல போயேன்.”

“ஏன், ஒரு சைக்கிள் குறைஞ்சா உங்க ஆபீஸ்ல பாயசமா?”

“அதுக்குச் சொல்லலை.”

“அப்பா, பாதை வந்துட்டா நீங்க இப்படி பயந்துக்கிட்டு நிக்க வேண்டாம். ஒழுங்கா எண்ணுங்க. எனக்கு அது போதும்.”

ஒழுங்காகத்தான் எண்ணினார். ஒன்பதே முக்காலுக்கு மூன்று நாள் மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. பிறகு சைக்கிள் எதுவும் வரவில்லை. மழை கண்ணாடியில் கோடு போட்டு இறங்கியது. வளைவு வெறிச்சென்று கிடந்தது.

இன்னும் ஒன்று.

ஒன்றே ஒன்று வந்தால் போதும்.

டிக், டிக்.

படிக்கட்டில் கேட்கவில்லை. அறைக்குள்ளேயே கேட்டது. அவர் நாற்காலிக்குப் பின்னால்.

பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

“சார்.”

குரலில் கோபம் இல்லை. அரசு அலுவலக ஜன்னலில் ரொம்ப நேரம் நின்றவரின் குரல்.

“என்னை எந்தக் கட்டத்துல போட்டீங்க?”

கிளிக் சார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “பாத… பாதசாரி.”

“அப்போ இன்னும் நடக்கணுமா?”

கீழே வளைவில் ஓர் உருவம் தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சாக்கடை மூடியைச் சுற்றி, மெல்ல மெல்ல. மழைத்திரையில் முகம் தெரியவில்லை. அதே பெண், அதே மழை. கட்டைவிரல் கருவியின்மேல் இருந்தது. ஓர் அமுக்கு, அவ்வளவுதான். பாதை வந்துவிடும், மகள் அந்தப் பாதையில் போவாள்.

ஆனால் இவளை இன்று எண்ணினால், அன்று எண்ணாதது தப்பு என்றாகிறது. அன்று பாதை வந்திருக்க வேண்டும் என்றாகிறது. அவள் செத்திருக்க வேண்டியதில்லை என்றாகிறது. அடித்தல் திருத்தல் இல்லாத இருபத்திரண்டு வருடத்தில் முதல் அடித்தல் அவள் பெயரில் விழும்.

போன் அடித்தது. மைக்.

“எவ்வளவு?”

கிளிக் சார் கீழே பார்த்தார். உருவம் வளைவின் நடுவில் நின்று, ஜன்னலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“இருநூத்தித் தொண்ணூத்தொன்பது, சார்.”

“பிரமாதம்,” என்றார் மைக்.

பின்னால் அந்தக் குரல், காதுக்கு மிக அருகில், ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

“சரி.”

சத்தம் படியிறங்கிப் போயிற்று. கீழே பார்த்தபோது வளைவில் யாரும் இல்லை.

மாலை மகள் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். கிளிக் சார் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். கடைசியில் அவள் வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

“பஞ்சரா?”

“இல்லப்பா.”

“செயின் கழண்டுடுச்சா? யாராவது இடிச்சாங்களா?”

“ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு.” சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். முகத்தில் களைப்பு, ஆனால் சந்தோஷமான களைப்பு. “அந்த வளைவுல ஒரு அக்கா வந்தாங்க. அவங்க இறங்கி நடக்கறாங்க, நான் மட்டும் எப்படி ஏறிப் போறது? மரியாதையா இருக்காதுல்ல. பேசிக்கிட்டே தெருமுனை வரைக்கும் வந்துட்டோம்.”

“எந்த அக்கா?”

“உங்களைத் தெரியுமாம். உங்க அப்பாதானே எண்ணுறவர்னு கேட்டாங்க.”

அவர் உள்ளே போய் மைக்குக்குப் போன் போட்டார். இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போயிற்று.

“சார், ஒரு திருத்தம். முன்னூறு. ஒருத்தரை விட்டுட்டேன்.”

“என்னங்க விளையாடறீங்களா? மூணு மணிக்கே அறிவிச்சாச்சு. மாலையும் போட்டாச்சு.” மைக் சிரித்தார். “இருபத்திரண்டு வருஷத்துல ஒரு திருத்தம்கூட கேக்காத மனுஷன் நீங்க. போய்த் தூங்குங்க.”

மறுநாள் காலை மகள் ஹெல்மெட்டை எடுக்கவே இல்லை. நடக்கிறவளுக்கு எதற்கு என்றாள். அவர் காரில் கொண்டுவிடுகிறேன் என்றார், பஸ் பிடித்துத் தருகிறேன் என்றார், கடைசியில் சைக்கிளின் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கப்பா. காத்துக்கிட்டு இருக்காங்க.”

தெருவில் யாரும் இல்லை. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சாலைப் பக்கம் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு, ஓரத்தை ஒட்டி நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள், பதில் கேட்டவளைப்போலச் சிரித்தாள்.

பின்னால் ஒரு கார் வேகமாக வந்தது. அதை ஓட்டி வந்தவருக்கு அந்த இடம் காலியாகத்தான் தெரிந்திருக்கும்.