திருநீறு இல்லாத திங்கட்கிழமைகள்

"கோயிலுக்குப் போறவ திருநீறு கொண்டு வரமாட்டாளாட்டி? மூணு திங்கக்கெழமையா இலஞ்சிக்குன்னு சொல்லிட்டுப் போற... ஒரு பொட்டலம் உண்டுமா?"

மாமியார் குருவம்மாள் வாசலை மறித்துக்கொண்டு கேட்டபோது, சங்கரேஸ்வரி ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடியே நின்றுவிட்டாள். ஐயோ! அதை எப்படி மறந்தாள்? இந்த வீட்டில் யார் கோயிலுக்குப் போனாலும் திருநீற்றை மடித்துக் கொண்டுவந்து எல்லார் நெற்றியிலும் பூசிவிட்டுத்தான் மறுவேலை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அது எங்கே ஞாபகம் வரும்!

"எங்க போறான்னு நான் சொல்லுதேன்மா" என்றபடி வந்தாள் நாத்தனார் நிவேதா. கட்டியவன் கைவிட்டதால் இடுப்புக் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். "திங்கக்கெழம மனுநாள்ல, தென்காசி கலெக்டர் ஆபீஸ்ல மனுவோட வரிசையில நின்னாளாம். அண்ணன் வேலைய வாங்கிக்கிட்டு, அச்சன்புதூருக்கு, அவ அம்மா வீட்டுக்குக் கம்பி நீட்டப் பாக்கா!"

தாலுகா ஆபீஸ் ஜீப் ஓட்டிய அவள் கணவன் பலவேசம் விபத்தில் போய் ஒரு வருஷம் ஆகிறது. மனைவி கையெழுத்துப் போட்டால் வாரிசு வேலை கிடைக்கும் என்று ஆபீஸில் சொல்லி ஆறு மாதம். சங்கரேஸ்வரி போடவில்லை. ஏன் போடவில்லை என்று இந்த வீட்டில் ஒருத்தராவது கேட்டார்களா? அவள் போன் பேசினால் ஒட்டுக்கேட்கத் தெரிந்தது, அவள் பையைத் துழாவத் தெரிந்தது!

"எம்புள்ள போன சூடு ஆறல... அதுக்குள்ள எங்கள நடுத்தெருவுல விடுதியேட்டி!" குருவம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அத்தை... அப்படிச் சொல்லாதிய..." என்றாள். கண் மட்டும் கலங்கவே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் சாரலில் நனைந்துகொண்டே வந்தார். சங்கரேஸ்வரி பெயருக்குப் பதிவுத் தபால். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியதுதான் தாமதம், நிவேதா பிடுங்கிப் பிரித்தாள்.

"கலெக்டர் ஆபீஸ் கடுதாசி! சத்தமாவே வாசிக்கேன், ஊரே கேக்கட்டும்... 'மறைந்த தங்கள் கணவரின் வாரிசுப் பணியைத் தாங்கள் விட்டுக்கொடுத்தால், அதனை... கணவரால் கைவிடப்பட்ட அவரது தங்கை நிவேதாவுக்கு வழங்க விதிகளில் இடமுண்டா என்று விளக்கம் கோரியுள்ளீர்கள்...'"

குரல் இறங்கிவிட்டது. மீதியை முணுமுணுத்தாள். "'விதிகளில் இடமில்லை. மனைவியாகிய தாங்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம்...' மதினி! எனக்காகவா அங்கன போயி நின்னிய?"

அப்போதுதான் சங்கரேஸ்வரி உடைந்து அழுதாள். "முடியாதுன்னு எழுதிட்டாகளே நிவேதா! நான் ஒத்தைக்கட்ட, எப்படியும் கழிச்சிருவேன். நீ புள்ளையோட நிக்கியே... கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியாம ஆசை காட்டக் கூடாதுன்னுதான் சொல்லல..."

நிவேதா குழந்தையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். குருவம்மாள் உள்ளே போய்த் திருநீற்றுக் கொப்பரையோடு வந்தாள். மருமகள் நெற்றியில் பூசினாள்.

"என் நாக்கு அழுகிப் போகட்டும் தாயீ... தாலுகா ஆபீஸுக்குப் போ. இன்னைக்கே கையெழுத்துப் போடு. எங்க மூணு பேருக்கும் இனி நீதான்."

படியிறங்கியவளைக் கிழவி மறுபடியும் கூப்பிட்டாள்.

"ஏட்டி... வரும்போது இலஞ்சில எறங்கி, திருநீறு வாங்கிட்டு வா."